ஐந்து நாள் சலுகையும் அதன் சண்டையும்: டொமைன் கொள்கை விவாதத்தில் கணக்குப் போட்டுக் கருத்து எழுதுவது எப்படி

டொமைன் பெயரை வாங்கிய ஐந்து நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பணம் திரும்புவது உண்மைதான். அது யாருடைய கைக்குத் திரும்புகிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. டாட் காம், டாட் நெட் போன்ற பொது முகவரிகளில் அந்தப் பணம் போய்ச் சேருவது பதிவாளர் நிறுவனத்தின் கணக்கில். அதை வாங்கியவரிடம் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று இந்தச் சலுகை பதிவாளரைக் கட்டாயப்படுத்துவதில்லை.

மற்றவர்களுக்காக டொமைன்களைப் பதிந்து, புதுப்பித்து, கைநழுவாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். கொள்கை அறிக்கைகளைப் படிப்பதும், டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பு பொதுக் கருத்துக் கேட்கும்போது எழுதி அனுப்புவதும் அதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். அப்படி வரும் கருத்துகளைப் படித்தால் பாதிக்கு மேல் கோபமாகத்தான் இருக்கும். ‘சுரண்டுகிறார்கள், தடை செய்யுங்கள்’ என்பார்கள் ஒரு பக்கத்தார். ‘சந்தையில் கை வைக்காதீர்கள்’ என்பார்கள் மறுபக்கத்தார். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு விதியின் ஒரு வரியைக்கூட எழுத முடியாது. விதி எழுதுபவரின் கைக்கு உதவும் கருத்தை எப்படித் தயாரிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். 2006 முதல் 2009 வரை நடந்த ‘டொமைன் டேஸ்டிங்’ (பெயர்களை இலவசமாக ருசிபார்த்துவிட்டு ஐந்து நாளுக்குள் திருப்பிக் கொடுப்பது) சண்டையைப் பயிற்சிக் களமாக எடுத்துக்கொள்கிறேன். தொடக்கம், நடு, முடிவு மூன்றும் எண்களோடு கிடைக்கும் விவாதங்கள் இந்தத் துறையில் அபூர்வம்.

பணம் போகும் வழியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

எந்தக் கொள்கைத் தாளையும் படிக்கும் முன் ஒரு காகிதத்தில் மூன்று பெயர்களை எழுதுங்கள்: பதிவகம், பதிவாளர், வாங்குபவர். டாட் காம் முகவரிகளின் முழுப் பட்டியலையும் வைத்திருக்கும் வெரிசைன் ஒரு பதிவகம். நாம் அட்டை கொடுத்து வாங்கும் இணையதளம் பதிவாளர். இவர்கள் இருவரையும் ஒப்பந்தத்தால் கட்டி வைத்திருக்கும் அமைப்பு ஐகான்.

பதிவாளர், பதிவகத்திடம் முன்பணமோ கடன் வரம்போ வைத்திருப்பார். பெயர் பதிவானதும் அதிலிருந்து மொத்த விலை (பதிவாளர் பதிவகத்துக்குக் கட்டும் விலை) கழியும். ஐந்து நாளுக்குள் பெயரை நீக்கினால் கழிந்தது அப்படியே மறுபடி ஏறும். இப்படி நீக்கிய பெயர் உடனே எல்லோருக்கும் திறந்துவிடும். காலாவதிக்குப் பிறகு நீக்கப்படும் பெயர்களுக்கு உள்ள 30 நாள் மீட்புக்காலமோ, அதன் பின் வரும் 5 நாள் காத்திருப்போ இதற்குக் கிடையாது. ஆகவே நீக்கிய ஆளே அதே பெயரை அடுத்த நொடியில் மீண்டும் பதிந்து, இன்னொரு ஐந்து நாளைத் தொடங்கலாம். சண்டையின் மூலகாரணம் இந்த ஒரு தொழில்நுட்ப விவரத்தில்தான் ஒளிந்திருந்தது.

சலுகைக்கு நியாயமான காரணங்கள் உண்டு. வாடிக்கையாளர் எழுத்துப்பிழையோடு பெயரைப் பதிந்துவிடுவார். திருட்டு அட்டையில் வாங்கியது இரண்டு நாள் கழித்துத் தெரியவரும். பதிவாளர் தன் மென்பொருளைச் சோதிக்கச் சில பெயர்களைப் பதிந்து நீக்குவார். ‘வாங்கியவர் மனம் மாறினால்?’ என்ற வாதமும் எப்போதும் கூடவே வரும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வாங்கியவர் மனம் மாறினாலும் பணம் பதிவாளரிடமே நின்றுவிடலாம். அப்படி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்ட வாடிக்கையாளர் ஒருவருக்காக மறுநாளே ரத்து கேட்டேன். பெயரை நீக்கிவிட்டார்கள், ‘டொமைன் கட்டணம் திரும்பாது’ என்ற வரியைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொண்டார்கள். பதிவகத்திடமிருந்து அவர்களுக்கு வரவு போயிருக்கும். விதிப்படி அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. எனவே யாராவது வாங்குபவரின் பெயரைச் சொல்லி இந்தச் சலுகையைக் காக்க வந்தால், ‘உங்கள் நிறுவனம் அந்தப் பணத்தை வாங்குபவருக்குத் தருகிறதா?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முயற்சிக்கு என்ன விலை?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2006இல் டாட் காம் பெயரின் மொத்த விலை ஆண்டுக்கு 6 டாலர். அதை 365ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 1.6 சென்ட், ஐந்து நாளுக்கு 8.2 சென்ட். ஒரு பெயரில் விளம்பரங்கள் மட்டும் கொண்ட பக்கத்தைப் போட்டு, ஐந்து நாளில் 8.2 சென்டுக்கு மேல் கிளிக் வருமானம் வந்தால் அந்தப் பெயர் ஆண்டு முழுவதும் தன் செலவைத் தானே ஈட்டிவிடும் என்று கணிக்கலாம். வராவிட்டால் நீக்கிவிட்டு 6 டாலரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காலாவதியாகி விழும் பழைய பெயர்களில் பழைய இணைப்புகள் வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பிரபலமான தளங்களின் எழுத்துப்பிழைப் பெயர்களுக்கும் அப்படியே. லட்சக்கணக்கில் பதிந்து, சம்பாதிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுப்பது, இதுதான் டேஸ்டிங். திருப்பிக் கொடுத்ததையே உடனுக்குடன் மறுபடி பதிந்து காசே கட்டாமல் ஓட்டிக்கொண்டிருப்பதை ‘கைட்டிங்’ என்றார்கள்.

இதில் மோசடியான ஆவணம் கிடையாது, உடைக்கப்பட்ட பூட்டும் கிடையாது. ஒரு முயற்சியின் விலை பூஜ்யம் என்பதே முழு இயந்திரத்தையும் ஓட்டியது. பூஜ்யத்தை எத்தனை லட்சத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

இப்போது தீர்வுகளை அதே அளவுகோலில் வையுங்கள். ஒரு பதிவாளர் ஒரு மாதத்தில் 10,00,000 பெயர்களைப் பதிந்து 9,90,000ஐ நீக்குகிறார், 10,000ஐ வைத்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்வோம்.

முதல் தீர்வு டாட் ஆர்க் பதிவகமான பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி 2007இல் கொண்டுவந்தது. பதிந்ததில் 90 சதவீதத்துக்கு மேல் சலுகைக்காலத்தில் நீக்கும் பதிவாளர், நீக்கிய ஒவ்வொரு பெயருக்கும் 5 சென்ட் கட்ட வேண்டும். நம் உதாரணத்தில் அது 49,500 டாலர். வைத்துக்கொண்ட ஒவ்வொரு பெயரின் தலையிலும் 4.95 டாலர் கூடுதலாக ஏறுகிறது. கேட்க அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த அற்பக் கட்டணம் வந்ததும் மாதம் சுமார் 24 லட்சமாக இருந்த டாட் ஆர்க் நீக்கங்கள் ஒன்றரை லட்சத்து அளவுக்கு விழுந்தன.

இரண்டாவது, ஐகான் தன் 2008–09 பட்ஜெட்டில் சேர்த்த 20 சென்ட் கட்டணம். வரம்பைத் தாண்டி நீக்கும் ஒவ்வொரு பெயருக்கும் இது உண்டு. நம் உதாரணத்தில் 9,89,000 பெயர்கள் வரம்புக்கு மேல் போகும் (எப்படி என்பதைச் சற்றுக் கீழே பார்க்கலாம்), கட்டணம் 1,97,800 டாலர். வைத்துக்கொண்ட ஒரு பெயருக்கு ஏறத்தாழ 20 டாலர். இந்தக் கட்டணம் நடைமுறைக்கு வந்த ஒரே மாதத்தில் நீக்கங்கள் 84 சதவீதம் குறைந்தன.

மூன்றாவதுதான் விதியாக நிலைத்தது. வரம்பைத் தாண்டிய பெயர்களுக்குப் பதிவகம் பணத்தைத் திருப்பவே கூடாது. 2009 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அப்போது டாட் காம் மொத்த விலை 6.86 டாலர். 9,89,000 பெயர்களுக்கு 67,84,540 டாலர் போய்விடும். வைத்துக்கொண்ட ஒரு பெயருக்கு 678 டாலருக்கு மேல். 2008 ஜூனில் இருந்ததோடு ஒப்பிட்டால் 2009 ஏப்ரலில் நீக்கங்கள் 99.7 சதவீதம் குறைந்திருந்தன.

மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: 5 டாலர், 20 டாலர், 678 டாலர். 20 டாலர் கட்டிய பிறகும் 16 சதவீதம் எஞ்சியது. எல்லாப் பெயர்களும் ஒரே அளவு சம்பாதிப்பதில்லை, கொழுத்தவை அந்தக் கட்டணத்தையும் தாங்கின என்பது என் ஊகம். எந்தச் சலுகையைப் பற்றிய விவாதம் வந்தாலும் இதே பயிற்சியைச் செய்யுங்கள். முன்மொழியப்படும் தீர்வு ஒரு முயற்சியின் விலையை எவ்வளவு உயர்த்துகிறது, வெற்றிபெற்ற ஒரு முயற்சியின் தலையில் அது எவ்வளவு ஏறுகிறது என்ற இரண்டு எண்களைக் கருத்தின் முதல் பத்தியிலேயே கொடுத்துவிடுங்கள்.

வருமானப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். 2008 ஜனவரியில் கூகுள், பதிந்து ஐந்து நாள் ஆகாத பெயர்களில் தன் டொமைன் விளம்பரங்களைக் காட்டப் போவதில்லை என்று அறிவித்தது. ஐகானின் விதி வர அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் ஆனது. விளம்பரம் தருபவர் ஒருவர் கையை இழுத்துக்கொண்டால் 8.2 சென்ட் என்ற இலக்கே எட்டாமல் போகும். கொள்கை விவாதங்களில் இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை, பதிவகம், பதிவாளர், ஐகான் என்ற முக்கோணத்துக்குள்ளேயே சுற்றுகிறார்கள்.

வரம்பை வாசிப்பது

விதியின் இதயம் ஒரே வாக்கியம். ஒரு மாதத்தில் ஒரு பதிவாளர் சலுகைக்காலத்தில் நீக்கும் பெயர்களில், அந்த மாதத்தின் நிகரப் புதுப் பதிவுகளில் 10 சதவீதம் அல்லது 50 பெயர்கள், இரண்டில் எது பெரிதோ அதுவரைதான் பணம் திரும்பும். ‘நிகர’ என்ற சொல்லின் மேல் விரலை வையுங்கள். மொத்தப் பதிவுகளிலிருந்து சலுகைக்கால நீக்கங்களைக் கழித்தால் வருவதே நிகரம். நம் பெரிய உதாரணத்தில் மொத்தம் 10 லட்சம் இருந்தாலும் நிகரம் 10,000தான், அதில் 10 சதவீதம் 1,000தான். 10 லட்சத்தின் 10 சதவீதம் என்று வைத்திருந்தால் ஒரு லட்சம் முயற்சிகள் இலவசமாகப் போயிருக்கும். நீக்க நீக்க வரம்பும் சுருங்கும்படி எழுதியவர் யாரோ, கணக்குத் தெரிந்தவர்.

சிறிய பதிவாளருக்கும் போட்டுப் பாருங்கள். 100 பதிவு, 60 நீக்கம், நிகரம் 40, அதில் 10 சதவீதம் 4. ஆனால் 50 பெரிதாக இருப்பதால் 50 பெயர்களுக்குப் பணம் திரும்பும், 10 பெயர்களுக்கு மட்டும் திரும்பாது. திருட்டு அட்டைக் கும்பல் ஒன்று ஒரே இரவில் வந்து போனாலும் சிறியவர் மூழ்கிவிட மாட்டார்.

அப்படியானால் ஒருவரே பல பதிவாளர் உரிமங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 என்று ருசிபார்க்கலாமே? நல்ல கேள்வி. இதைப் போன்ற ஓட்டைகளைத் தேடுவதுதான் கருத்து எழுதுபவரின் வேலை. ஓர் உரிமத்துக்கு ஐகானுக்குச் செலுத்தும் ஆண்டுக் கட்டணம் 4,000 டாலர். ஒரு பதிவகத்தில் மாதம் 50 என்றால் ஆண்டுக்கு 600 இலவச முயற்சிகள். 4,000ஐ 600ஆல் வகுத்தால் முயற்சிக்கு 6.67 டாலர். அன்றைய மொத்த விலைக்கு ஏறக்குறைய சமம். ஆக, ருசிபார்ப்பதற்கென்றே உரிமம் எடுப்பது வீண். ஆனால் காலாவதியாகும் பெயர்களைப் பிடிப்பதற்காக ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் உரிமங்களை வைத்திருப்பவர்களுக்கு அந்த 50 கூடுதல் செலவின்றிக் கிடைக்கிறது. பதிவகங்களின் எண்ணிக்கையும் அன்றைவிட இன்று பல மடங்கு. விதியை மறுபடி திறந்தால் நான் முதலில் கேட்பது, அந்த 50ஐ ஓர் உரிமத்துக்கு என்று வைக்காமல் ஒரே உரிமையாளரின் கீழுள்ள உரிமங்கள் அனைத்துக்கும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதைத்தான்.

விலக்குப் பிரிவையும் படியுங்கள். அசாதாரணச் சூழல் என்று பதிவாளர் பதிவகத்திடம் விண்ணப்பித்து விலக்குக் கேட்கலாம். அந்தச் சூழல் முன்கூட்டித் தெரிந்திருக்கக் கூடாது, தெரிந்திருக்க வாய்ப்பும் இருக்கக் கூடாது, அவர் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் அசாதாரணம் அசாதாரணம் ஆகாது என்றும் ஒரு வரி உண்டு. மொத்த விதியிலும் எனக்கு மிகப் பிடித்த வரி அது. மாதாமாதம் மோசடி நடக்கிறது என்று மாதாமாதம் விலக்குக் கேட்பவரிடம், ‘உங்கள் பணம்பெறும் முறையைச் சரி செய்யுங்கள்’ என்று சொல்லும் வரி.

எண்களைத் தோண்டும் இடம்

பொது முகவரிகளின் பதிவகங்கள் ஒவ்வொரு மாதமும் ஐகானுக்கு அறிக்கை தருகின்றன. ஏறத்தாழ மூன்று மாதத் தாமதத்தில் அவை ஐகான் தளத்தில் வெளியாகின்றன, அட்டவணையாகத் திறக்கும் கோப்புகளாக. ஒவ்வொரு வரியும் ஒரு பதிவாளர். ஆண்டுவாரியாகச் சேர்ந்த பதிவுகள், சலுகைக்காலத்துக்குள் நீக்கியவை, அதற்குப் பின் நீக்கியவை, விலக்குக் கேட்ட தடவைகள், கிடைத்த தடவைகள், விலக்குப் பெற்ற பெயர்கள் என்று தனித்தனிப் பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும்.

சலுகைக்கால நீக்கங்களை நிகரப் பதிவுகளால் வகுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். 10 சதவீதத்துக்கு மேலே நிற்கும் பெயர்களை முந்தைய மாதங்களோடு ஒப்பிடுங்கள். ஒரே மாதம் எகிறிப் பிறகு அடங்கினால் பெரும்பாலும் தள்ளுபடி விற்பனையைத் தொடர்ந்து வந்த அட்டை மோசடியாக இருக்கும். பல மாதங்கள் ஒரே உயரத்தில் நின்றால் அது தொழில். இந்த வேறுபாட்டைக் காட்டாமல் ஒரே மாதத்து எண்ணைத் தூக்கிக்கொண்டு ‘சுரண்டல்’ என்று எழுதினால், அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் முதல் பதிலிலேயே உங்கள் கருத்தை முடித்துவிடுவார்.

எண்களில் ஒரு கண்ணி உண்டு. 2007 ஜனவரியில் டாட் காம், டாட் நெட் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 4.78 கோடி நீக்கங்கள் பதிவாயின, அவற்றில் 4.54 கோடி, அதாவது 95 சதவீதம், வெறும் பத்துப் பதிவாளர்களுடையவை. இதைப் படித்தவுடன் நாலரைக் கோடி வெவ்வேறு பெயர்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே பெயரை ஒரு மாதத்தில் பலமுறை பதிந்து நீக்கினால் அத்தனை முறையும் எண்ணிக்கையில் சேரும். நீக்கங்கள் வேறு, பெயர்கள் வேறு. கோ டாடி என்ற பதிவாளர் நிறுவனத்தின் தலைவராக இருந்த பாப் பார்சன்ஸ் 2006இல், அந்த ஏப்ரலில் பதிவான சுமார் 3.5 கோடியில் 20 லட்சத்துக்குச் சற்று மேல்தான் உண்மையில் வாங்கப்பட்டவை என்று சொன்னதையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அவர் டேஸ்டிங் செய்தவர்களுக்கு ஒரு போட்டியாளர் என்பதையும் சேர்த்து. ஆனால் ‘பத்துப் பேர், 95 சதவீதம்’ என்பது எப்படி எண்ணினாலும் அசையாத வாதம். பிரச்சினை சலுகையிலா, அதைப் பயன்படுத்தும் சிலரிலா என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில் சொல்லிவிட்டது.

யார் பேசுகிறார்கள் என்று பார்த்துப் படியுங்கள்

வணிகச் சின்ன உரிமையாளர்களின் கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. 1999 முதல் இருக்கும் டொமைன் தகராறு தீர்வு முறையில் புகார் கொடுத்து முடிவு வாங்க வாரங்கள் ஆகும். ஐந்தாம் நாளில் பெயர் மறைந்து ஆறாம் நாளில் வேறு கையில் முளைத்தால் யார் மேல் புகார் கொடுப்பது? டெல் நிறுவனம் 2007இல் ஃபுளோரிடாவில் சில பதிவாளர்கள் மேல் நேரடியாக வழக்கே தொடுத்தது இதனால்தான். ஆனால் இவர்கள் கேட்ட தீர்வு பெரும்பாலும் ‘சலுகையையே எடுத்துவிடுங்கள்’ என்பதாக இருந்தது. அதைச் செய்திருந்தால் ருசிபார்த்தவர்களோடு மோசடியில் பணம் இழக்கும் சாதாரணப் பதிவாளர்களும் அடிவாங்கியிருப்பார்கள், அந்தச் செலவு கடைசியில் நம் ரசீதில் வந்து உட்கார்ந்திருக்கும்.

டேஸ்டிங் செய்த தரப்பு, சந்தை தனக்கு வேண்டிய பெயர்களைக் கண்டுபிடிக்கும் வழி இது என்றது. அப்படியே இருக்கட்டும், கண்டுபிடிப்புச் செலவைக் கண்டுபிடிப்பவர் கட்டட்டும் என்பதே என் பதில். பதிவகங்கள் இரண்டு மனத்தோடு நின்றன. சுமை அவர்களுடையது, ஆனால் பதிவாளர்கள் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். டாட் ஆர்க் காட்டிய வழியில் டாட் இன்ஃபோவின் அஃபிலியஸும் டாட் பிஸ்ஸின் நியூஸ்டாரும் தங்கள் சொந்த வரம்புகளோடு வந்த பிறகு ‘இது நடைமுறைக்கு ஒவ்வாது’ என்ற வாதம் செத்தது. ஒரு பதிவகம் தானாகச் செய்துகாட்டிய சோதனை, பத்து நிலைப்பாட்டு அறிக்கைகளுக்குச் சமம். உங்கள் விவாதத்திலும் யாராவது அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களா என்று தேடிப் பிடியுங்கள்.

கதவுகள் திறக்கும் நேரம்

பொது முகவரிகளுக்கான கொள்கை, ஐகானின் ஜி.என்.எஸ்.ஓ. என்னும் பெயர் ஆதரவு அமைப்பின் வழியாக வருகிறது. டேஸ்டிங் விவகாரத்தில் இணையப் பயனர்கள் சார்பான ஆலோசனைக் குழு கேட்டுக்கொண்டதில் 2007 ஜூனில் பிரச்சினை அறிக்கை வந்தது. அக்டோபர் 31ஆம் தேதி முறையான கொள்கை உருவாக்கம் தொடங்கியது. 2008 ஏப்ரல் 17இல் ஜி.என்.எஸ்.ஓ. மன்றம் பரிந்துரையை ஏற்றது, ஜூன் 26இல் பாரிஸ் கூட்டத்தில் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது. இடையில் 2008 ஜனவரியிலேயே இயக்குநர் குழு கட்டணப் பாதையையும் கையில் எடுத்துவிட்டது. கொள்கை நிதானமாக நடந்து வரட்டும், பட்ஜெட் முன்னால் ஓடட்டும் என்ற இந்த இரட்டை ஓட்டம்தான் வேலை செய்தது. கொள்கைப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதி முடிவு பட்ஜெட்டில் எடுக்கப்பட்டதைத் தாமதமாகத்தான் கவனித்தார்கள். ஆகவே பட்ஜெட் வரைவுக்கும் கருத்துக் கேட்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அங்கே கூட்டம் குறைவு, குரல் தெளிவாகக் கேட்கும்.

நுழைய மிக நல்ல நேரம் பிரச்சினை அறிக்கை வரும் நேரம். கேள்வியை எப்படிக் கேட்பது என்பது அங்கேதான் முடிவாகிறது. முதல்நிலை அறிக்கைக்குக் கருத்துச் சொல்வது அடுத்தபடி. இறுதி அறிக்கைக்குப் பிறகு எழுதுவது பெரும்பாலும் மனத்திருப்திக்கு. நாட்டுக் குறியீட்டு முகவரிகளுக்கு இந்தப் பாதை எதுவும் பொருந்தாது, அவற்றின் சலுகைக் காலத்தை அந்தந்தப் பதிவகமே வைத்துக்கொள்கிறது. தவறான வாசலில் நின்று கத்தும் கருத்துகள் ஒவ்வொரு முறையும் வருகின்றன.

இடையில் ஒரு வாங்குபவரின் குறிப்பு

கொள்கையில் ஆர்வம் இல்லாதவரும் இதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2008 ஜனவரியில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற பதிவாளர், தன் தளத்தில் யாராவது தேடிய பெயர்களைத் தானே நான்கு நாள் பதிந்து வைத்துக்கொண்டது. அந்த நாட்களில் அந்தப் பெயரை அவர்களிடம் மட்டுமே வாங்க முடியும். வேறு யாரும் முந்திக்கொள்ளாமல் வாடிக்கையாளரைக் காக்கிறோம் என்றார்கள். வழக்கு வந்தது. அந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்றதும் இதே ஐந்து நாள் சலுகைதான். வரம்பு வந்தபின் அப்படி மொத்தமாகப் பிடித்து வைப்பது கட்டுப்படியாகாது. ஆனாலும் பெயரைத் தேடிவிட்டு நாட்கணக்கில் யோசிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. முடிவெடுத்த பிறகே தேடுகிறேன், தேடிய அமர்விலேயே வாங்குகிறேன்.

நீங்கள் பார்த்து வைத்த பெயரை வேறொருவர் திடீரென எடுத்துவிட்டால், பதற்றத்தில் அவருக்கு விலை கேட்டு எழுதாதீர்கள். ஐகானின் தேடல் பக்கத்தில் அந்தப் பெயரின் பதிவுத் தகவலைத் திறந்து நிலைக் குறியீடுகளைப் பாருங்கள். ‘ஆட் பீரியட்’ என்று இருந்தால் சலுகைக்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உருவான நேரம் உலகப் பொது நேரத்தில் நொடி வரை எழுதியிருக்கும், அதோடு ஐந்து நாளைக் கூட்டி அந்த நேரத்தை ஒட்டிப் பாருங்கள். நீக்கப்பட்டால் உடனே திறந்துவிடும்.

உங்கள் சொந்தத் தவறான பதிவை ரத்து செய்ய வேண்டுமென்றால் பணம் கட்டும் முன்பே பதிவாளரின் திருப்பித்தரும் விதியைப் படியுங்கள். ரத்துக் கோரிக்கையை எழுத்தில், இரண்டாம் நாளுக்குள் அனுப்புங்கள். ஐந்தாம் நாள் அனுப்பி, அவர்களின் உதவிக் குழு ஆறாம் நாள் திறந்தால் சலுகை போய்விடும்.

கருத்தை எழுதுவது

பொதுவாக 40 நாள் அவகாசம் தருவார்கள். எழுதும்போது நான் பின்பற்றும் வரிசை இது: நான் யார், இந்த முடிவால் எனக்கு என்ன லாபம் அல்லது நட்டம், ஒரு முயற்சியின் விலை இப்போது எவ்வளவு, முன்மொழிவுக்குப் பின் எவ்வளவு, நான் எண்ணாகக் கேட்கும் வரம்பு, நியாயமாகப் பயன்படுத்துபவர் எவ்வாறு காப்பாற்றப்படுவார், வேலை செய்ததா என்று எந்த அறிக்கையின் எந்தப் பத்தியில், எப்போது பார்ப்பது. இரண்டு பக்கத்துக்குள் முடித்துவிடுவேன். உரிமையாளர் குழு பற்றி மேலே சொன்ன யோசனையை எழுதினால் இப்படி வரும்:

‘வாடிக்கையாளர்களுக்காக டொமைன்களைப் பராமரிக்கிறேன். பதிவாளர் உரிமம் எனக்கு இல்லை, இந்த மாற்றத்தால் எனக்கு நேரடி வருமானமும் இல்லை. தற்போதைய வரம்பில் 50 பெயர்கள் என்ற குறைந்தபட்ச அளவு ஒவ்வோர் உரிமத்துக்கும் தனியாகக் கிடைக்கிறது. 200 உரிமங்கள் வைத்திருக்கும் ஒரே உரிமையாளர் ஒரு பதிவகத்தில் மாதம் 10,000 பெயர்களைச் செலவின்றி நீக்கலாம். இந்த அளவை உரிமையாளர் குழுவுக்கு ஒருமுறை என மாற்றுமாறு கேட்கிறேன். ஒரே உரிமம் உள்ள சிறு பதிவாளர்களுக்கு எதுவும் மாறாது. 10 சதவீத விதியும் விலக்குப் பிரிவும் அப்படியே இருக்கட்டும். விளைவை, நடைமுறைக்கு வந்த ஆறாவது மாதத்தின் பதிவக அறிக்கையில் சலுகைக்கால நீக்கப் பத்தியைக் குழுவாரியாகக் கூட்டிச் சோதிக்கலாம்.’

இதில் ‘சுரண்டல்’ என்ற சொல் இல்லை, யாரையும் திட்டவில்லை. எதிர்ப்பவர் இந்தக் கணக்கில் பிழை கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் 10,000 இலவச நீக்கங்கள் ஏன் தேவை என்று விளக்கியாக வேண்டும். ‘உரிமையாளர் குழு’ என்பதை எப்படி வரையறுப்பது என்று கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். எனக்குத் தெரிந்து இந்த யோசனையின் பலவீனமான இடம் அதுதான். பங்குரிமையைப் பல நிறுவனங்களுக்குள் பிரித்து மறைப்பது கடினமல்ல.

அனுப்பிய பிறகும் கொஞ்சம் வேலை இருக்கிறது. அவகாசம் முடிந்ததும் வந்த கருத்துகளைத் தொகுத்து ஒரு சுருக்க அறிக்கை வெளியிடுவார்கள். அதில் உங்கள் கருத்தை எந்தத் தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வரம்பை மாற்றக் கேட்டவரை ‘சலுகையை நீக்கக் கோருபவர்கள்’ பட்டியலில் சேர்த்திருந்தால், பக்க எண்ணைக் குறிப்பிட்டு, திருத்தம் கேட்டு அந்த வாரமே எழுதிவிடுங்கள். அடுத்த கட்டத்தில் வேலை செய்யும் குழுவினர் உங்கள் இரண்டு பக்கத்தைத் தேடித் திறப்பது அரிது. அவர்கள் கையில் இருக்கப்போவது அந்தச் சுருக்கம்தான்.